மூன்று உயிர்க் குத்தகை

"பாஸ்கோ, குடையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் சாய். அரசாங்கம் நனையுது" என்றார் கவர்னர் ஃபிச்.

குமாஸ்தா ஜெத்ரோ பாஸ்கோ குடையைச் சாய்த்தார். மேசை தப்பித்தது, பாஸ்கோவின் இடது தோள் நனைந்தது. கவர்னர் மாளிகையின் கூரை போன குளிர்காலத்துக் காற்றில் கிளம்பிப் போய்த் தென்துருவத்தில் ஏதோ ஒரு பெங்குயின் குடும்பத்துக்கு வீடாகிவிட்டது. புதுக்கூரை போடக் காசில்லை. எங்கள் தீவின் கஜானாப் பெட்டியில் கவர்னர் தன் காலுறைகளைப் போட்டு வைத்திருந்தார். ஊரிலேயே ஈரம் புகாத இடம் அது ஒன்றுதான், வேறு எதையும் அதில் வைக்க வேண்டிய அவசியமும் ஏற்படவில்லை.

குற்றம் இந்தக் கவர்னருடையது அல்ல. முன்னால் வந்தவர்கள் தீவைக் குத்தகைக்கு விட்ட அழகு அப்படி. கிழக்குக் கரை முழுவதையும் ஒருவர் சீட்டாட்டத்தில் விட்டார். இன்னொருவர் மேற்குத் தீவுகளை ஒரு பேசும் கிளிக்காக எழுதிக் கொடுத்தார். அந்தக் கிளிக்குத் தெரிந்தது ஒரே ஒரு வார்த்தை. அதையும் பாதிரியார் இருக்கும்போதுதான் சொல்லும்.

"கடல்நாய் முனையை எடுத்துக்க. தீவுல பாதி. முழங்கால் உசரப் புல்லு, எண்ணி முடியாத ஆடு. நமக்கு என்ன வாடகை?" என்றார் கவர்னர்.

"வருஷத்துக்கு ஒரு வாத்து, துரை. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் உங்க அடுப்படியில குடுக்கணும்."

"போன வருஷம் வந்துதா?"

"இல்ல, துரை."

"அதுக்கு முந்தி?"

"வந்ததா எனக்கு ஞாபகமே இல்ல. முதல் வாத்தைக் கடிச்ச கவர்னருக்கு முன்பல்லு ரெண்டும் போச்சாம். இனிமே வாத்தோட எவனாவது வந்தா சுட்டுடுவேன்னாராம். அதோட நிறுத்திட்டாங்க."

கவர்னர் தன் பற்களை நாக்கால் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

"இது எப்ப முடியும்?"

"மூணு உயிர்க் குத்தகை, துரை."

எங்கள் தீவில் அந்தக் காலத்தில் அப்படித்தான். வருடக் கணக்கெல்லாம் கிடையாது. மூன்று பேரைச் சொல்லி எழுதுவார்கள். மூவரில் ஒருவர் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் வரை நிலம் குத்தகைக்காரர்களிடம். மூன்றாவது மூச்சும் நின்றதா, நிலம் அரசாங்கத்துக்குத் திரும்பிவிடும், கவர்னர் யாருக்கு வேண்டுமானாலும் நல்ல வாடகைக்கு விடலாம்.

"முதல் உயிர் கிழட்டுக் கேப்டன். அவர் போயிட்டார். ரெண்டாவது அவர் சம்சாரம். அந்தம்மாவும் போயிட்டாங்க. இப்ப அங்க வேலை பாத்த இடையனுங்கதான் பங்கு போட்டு நடத்துறாங்க" என்றார் பாஸ்கோ.

"மூணாவது?"

பாஸ்கோ தொண்டையைச் செருமினார். "டஃப்."

"டஃப்னா?"

"அவ்வளவுதான் போட்டிருக்கு, துரை. டஃப்."

"அது சாப்பாடாச்சே! மாவை உருட்டித் துணியில கட்டி வேக வைப்பாங்களே!"

"அதே பேருதான், துரை."

கவர்னர் எழுந்து நின்றார். கூரை இல்லாததால் வானமே அவர் தலையில் இடித்தது மாதிரி இருந்தது. "ஒரு மாவுருண்டை உயிரோட இருக்குன்னு என் மாளிகை ஒழுகணுமா? அவன் செத்திருப்பான்யா! போய் அவன் கல்லறையைக் கண்டுபிடி. தபால் கப்பல் கிளம்புறதுக்குள்ள கண்டுபிடிச்சா, நீ நிலக் குமாஸ்தா. இல்லேன்னா செலவைக் குறைக்கச் சொல்லி லண்டன்லேருந்து உயிரை வாங்குறாங்க, முதல்ல உன் வேலையைத்தான் குறைப்பேன்."

பாஸ்கோ கணக்குப் போட்டுப் பார்த்தார். குமாஸ்தா வேலை போனால் அதோடு ஒட்டிய அறையும் அடுப்பும் போகும். தீவில் மிச்சமிருந்த ஒரே உத்தியோகம், பெங்குயின் கொழுப்பைக் காய்ச்சி எண்ணெய் எடுக்கும் கொட்டகையில்தான். அங்கே வேலை பார்ப்பவர்களுக்குத் தேவாலயத்தில் தனி பெஞ்சு உண்டு, தேவாலயத்துக்கு வெளியே. ஜன்னல் வழியாகத்தான் ஆசீர்வாதம்.

"கண்டுபிடிச்சிடுறேன், துரை" என்றார் பாஸ்கோ.

மறுநாள் காலையில் குதிரையேறினார். துறைமுகத்தைத் தாண்டினால் எங்களுக்கு எல்லாமே கேம்ப்தான்: மரமில்லை, பாதையில்லை, புல்லும் சகதியும் காற்றும் மட்டும். காற்று என்றால் சாதாரணக் காற்றல்ல. கடல்நாய் முனைப் பக்கம் ஆட்டுக்கு மேய்ப்பன் தேவையில்லை, நங்கூரம்தான் தேவை. பாஸ்கோவின் தொப்பி அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்தது.

முனை கண்ணுக்குத் தெரிந்தபோது குதிரை ஒரு பச்சைத் திட்டைப் பார்த்து நின்றது. பாஸ்கோ நிற்கவில்லை. குதிரையின் தலைக்கு மேலாகப் பறந்து போய், மார்பு வரை புதைசேற்றில் நின்றார்.

"காப்பாத்துங்க!" என்று கத்த வாய் திறந்தார். கத்தவே வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு புல்புதருக்குப் பின்னாலிருந்தும் ஓர் இடையன் முளைத்தான். கயிறு பறந்தது, பலகை பறந்தது. அவர்களுடைய தலைவன் மர்டோ, கதவளவு ஆள், பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சேற்றில் குதித்துப் பாஸ்கோவின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான்.

"மூச்சு வருதா? ஐயோ, யாராச்சும் மூச்சு வருதான்னு பாருங்கடா!"

"வருது மர்டோ, பேசுறாரு!"

"என்ன பேசுறாரு?"

"நான் நிலக் குமாஸ்தான்னு சொல்றாரு!"

"அப்ப நல்லாத்தான் இருக்காரு" என்று மர்டோ கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

பாஸ்கோ வாழ்க்கையில் இப்படி ஒரு வரவேற்பைப் பார்த்ததில்லை. துறைமுகத்தில் அவர் வருகிறார் என்றால் தெருநாய் கூட எழுந்து வழி விடாது. இங்கே நான்கு பேர் தூக்கிக்கொண்டு போய், பஞ்சு போன்ற கம்பளிக் குவியலில் படுக்க வைத்தார்கள். சதுப்பில் வெட்டிக் காயவைத்த சேற்றுக்கரியைப் போட்டு அடுப்பைச் சூளை மாதிரி மூட்டினார்கள். சமையல்காரி எஃபி, இரண்டு ஆட்டை ஒரே சட்டியில் வேக வைக்கும் தடித்த பெண்மணி, சூப்புக் கிண்ணத்தோடு வந்து மடியில் துணி விரித்து ஊட்டினாள்.

"நானே குடிக்கிறேன்மா."

"வாயைத் தொற. நாக்கைச் சுட்டுக்காத."

அரசாங்கத்தின்மேல் ஜனங்களுக்கு எவ்வளவு பயம் என்று பாஸ்கோ மனதுக்குள் வியந்தார். கம்பளிக்குள்ளேயே கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து விசாரணையை ஆரம்பித்தார்.

"டஃப்னு ஒருத்தர் உயிரோட இருக்காரா?"

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் தொப்பியைக் கழற்றினார்கள்.

"இருக்கான், ஆண்டவன் புண்ணியத்துல" என்றான் மர்டோ.

"ஆள் எப்படி?"

மர்டோ எஃபியைப் பார்த்தான். "தங்கமான புள்ள. மண்டையில மட்டும் சரக்கு கொஞ்சம் கம்மி."

"கொஞ்சம் இல்ல" என்றாள் எஃபி.

"உடம்பு?"

"சின்ன வயசுலேருந்தே நெஞ்சுச் சளி. ஈரத்துல நின்னா ஆகாது. நிக்காதடான்னா கேக்க மாட்டான். தன்னைப் பத்தி ஒரு பெருமை வேற."

பாஸ்கோ வாய்விட்டுச் சிரித்தார். "அந்த மாதிரி ஆளுங்களோடதான் நான் தினமும் மாரடிக்கிறேன். சரி, எங்க இருக்கார்?"

"அவன் அம்மா இங்கதான் சமையக்கட்டுல என்கூட இருந்தா" என்றாள் எஃபி. "புருஷனைக் கடல் கொண்டுபோயிடுச்சு. புள்ள கொழுகொழுன்னு இருப்பான், டஃப் டஃப்னு கொஞ்சுவோம். ஞானஸ்நானம் குடுக்க அப்ப பாதிரி கிடையாது. குழந்தையோட உயிரை எழுதினா ரொம்ப நாள் ஓடும்னு கேப்டன் அவனை எழுதி வச்சாரு. அப்புறம் அவ துறைமுகத்துக்குப் போயி வேற கல்யாணம் பண்ணிக்கிட்டா."

பாஸ்கோ மீசையைத் தடவினார். துறைமுகத்தில் பாதிப் பெண்கள் இரண்டாம் கல்யாணம், மீதிப் பெண்கள் மூன்றாம் கல்யாணம், எங்கள் கடல் அப்படி. ஆனால் துறைமுகத்தில் பாஸ்கோவுக்குத் தெரியாத ஆண்பிள்ளையே கிடையாது. டஃப் என்று ஒருவனும் இல்லை. ஆக, கதை கட்டுகிறார்கள். ஆக, ஆள் செத்துவிட்டான்!

"உங்க கல்லறைத் தோட்டத்தைக் கொஞ்சம் பாக்கணும்" என்றார் திடீரென்று.

"ஐயோ, கூடாது!" என்று பத்துக் குரல்கள் எழுந்தன. "வெளிய எதிர்க்காத்து! குளிரு! கல்லறைக்கெல்லாம் இப்ப என்ன அவசரம்?"

"பயப்படுறீங்க, இல்ல?"

"ரொம்ப" என்றான் மர்டோ மனப்பூர்வமாக.

அவர்களே மூன்று கம்பளி சுற்றி, குதிரைக்கு முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேராக வந்து பாஸ்கோவைத் துறைமுகத்தில் இறக்கிவிட்டுப் போனார்கள்.

"செத்துட்டான், துரை. கல்லறையை மறைக்கிறாங்க. ஆனா நிரூபிக்க முடியல" என்றார் பாஸ்கோ.

"நிரூபிக்காம நான் என்ன செய்ய? மழையில நனைஞ்சுக்கிட்டே நம்பவா?"

"அதுக்கு வேற வழி வச்சிருக்கேன். வாடகையைக் கேப்போம், துரை! இத்தனை வருஷத்து வாத்தையும் ஒரே தடவையில, வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள. ஒரு வாத்து குறைஞ்சாலும் குத்தகை ரத்து. அவ்வளவு வாத்துக்கு எங்க போவாங்க?"

கவர்னர் முதல்முறையாகப் புன்னகை செய்தார். பாஸ்கோவின் தோளில் தட்டினார். தட்டிய இடத்திலிருந்து தண்ணீர் தெறித்தது.

ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தின் நடுவில் சத்தம் கேட்டது. கப்பல்படை ஒன்று துருப்பிடித்த எக்காளம் ஊதிக்கொண்டு தரையேறுவது போன்ற சத்தம். பாதிரியார் நியாயத்தீர்ப்பு நாளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார், உடனே முழங்காலிட்டார். முழங்காலிடாத மற்றவர்கள் ஜன்னலுக்கு ஓடினார்கள்.

தெருவை அடைத்துக்கொண்டு வாத்துகள் வந்தன. சுவருக்குச் சுவர் வாத்து. நடுவில் மர்டோ, கையில் கோல், முகத்தில் களை. படை நேராகக் கவர்னர் மாளிகைக்குள் புகுந்து, அடுப்படிக்கு வழி கேட்காமல் தோட்டத்துக்குப் போனது. தீவில் விளைந்த ஒரே முட்டைக்கோஸ் பாத்தி கவர்னருடையது. அவர் தேவாலயத்திலிருந்து ஓடி வருவதற்குள் அங்கே முட்டைக்கோஸ் இருந்ததற்கு நினைவுச்சின்னம் வைக்கக்கூட இடமில்லை.

"பாக்கி வாத்து எல்லாம் சரியா இருக்கு, துரை" என்றான் மர்டோ, மேசைமேல் ஏறி நின்றிருந்த கவர்னரை அண்ணாந்து பார்த்து. "வழியில பொரிஞ்ச குஞ்சுங்களை வட்டியா வச்சுக்கோங்க."

"பாஸ்கோ! இதுங்களை வெளிய துரத்து!"

பாஸ்கோ ஓர் ஆண் வாத்தை நோக்கிக் குடையை நீட்டினார். அது குடையைச் சுற்றிக்கொண்டு வந்து அவர் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டது.

அப்போது மர்டோ போட்ட கூச்சலில் மற்ற வாத்துகளே வாயை மூடிக்கொண்டன. பாய்ந்து வந்து அந்த வாத்தின் கழுத்தை ஒரே திருகு. பிறகு தரையில் உட்கார்ந்து பாஸ்கோவின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டான்.

"தோல் கிழிஞ்சிருக்கா? ரத்தமா? டாக்டர் எங்கய்யா? சீழ் பிடிச்சா என்ன ஆவுறது?"

"என்னையும்தான்யா கடிச்சுது, ரெண்டு இடத்துல!" என்றார் கவர்னர் மேசையிலிருந்து.

"உங்களுக்குப் பரவாயில்ல, துரை" என்றான் மர்டோ திரும்பிப் பார்க்காமலே.

பாஸ்கோவுக்குக் கால் வலித்தது, மனம் குளிர்ந்தது. கவர்னரைவிடத் தன்மேல் அல்லவா மரியாதை வைத்திருக்கிறார்கள்!

அந்த வாரம் எங்கள் தீவில் வாத்து விற்க ஆள் இருந்தது, வாங்க ஆளில்லை. கவர்னர் காலையில் வாத்து, மதியம் வாத்து, இரவில் வாத்து சாப்பிட்டார். இடது கடைவாய்ப் பல் ஒன்று போயிற்று. பாக்கி வாங்கியாகிவிட்டதால் குத்தகை முன்பைவிடக் கெட்டியாக நின்றது. பாஸ்கோ கையில் கோலைக் கொடுத்து வாத்து மேய்க்கச் சொல்லிவிட்டார்கள். தபால் கப்பலோ வந்து நங்கூரம் போட்டுவிட்டது.

"கடைசியா ஒரு வழி இருக்கு, துரை" என்றார் பாஸ்கோ, வேலிக்கு அப்பாலிருந்து.

"உன் வழியில என் பல்லு போச்சு."

"ஆளையே கொண்டுவரச் சொல்லுவோம். டஃப் உயிரோட இருந்தா உங்க முன்னால வந்து நிக்கட்டும். சட்டம் அதுக்கு இடம் குடுக்குது. இப்பவே போறேன். அவங்க வேற எவனையாவது வேஷம் போட்டு அனுப்பாம நானே கூட இருந்து கொண்டுவர்றேன்."

"கொண்டுவராம நீ மட்டும் வந்து நின்னே..."

"கொட்டகைக்குப் போயிடுறேன், துரை."

குதிரை கடல்நாய் முனை என்ற பெயரைக் கேட்டதும் படுத்துக்கொண்டது. பாஸ்கோ படகில் போனார். கரை நெருங்கியதும், அரசாங்கப் பிரதிநிதி கம்பீரமாக இறங்க வேண்டும் என்று படகின் நுனியில் எழுந்து நின்றார். அலையும் அதே நேரத்தில் எழுந்து நின்றது.

கரையில் காத்திருந்த கடல்நாய் முனை முழுவதும் தண்ணீரில் இறங்கியது. பாஸ்கோ வெளியே வந்தபோது உதடு நீலம், மூக்கு சிவப்பு. அன்று மாலைக்குள் காய்ச்சல் நெருப்பாகக் கொதித்தது. எஃபி அவர் நெஞ்சில் ஆட்டுக் கொழுப்பைத் தடவிக்கொண்டே அவருடைய மூளையைப் பற்றி ஸ்காட்லாந்து மொழியில் ஏதேதோ சொன்னாள். நல்லவேளை, பாஸ்கோவுக்கு அந்த மொழி புரியாது.

ஆனாலும் கடமை கடமைதான். கம்பளிக் குவியலிலிருந்து ஒரு விரலை மட்டும் வெளியே நீட்டினார்.

"டஃபைக் கூட்டிக்கிட்டு வாங்க. கவர்னர் முன்னால நிறுத்தணும். இல்லேன்னா நிலம் எங்களுது."

மர்டோ தொப்பியைப் பிசைந்தான். சுற்றி நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வீடுகள், ஆடுகள், பிள்ளைகள், புதைத்த பெற்றோர்கள், எல்லாமே அந்த நிலத்தின்மேல்தான் இருந்தன.

"குமாஸ்தா தம்பி, அவனை இழுத்து நிறுத்துற விவகாரம் வேணாமே, அவன் உடம்புக்கு ஆகாது. கம்பளி விலை நல்லாத்தான் இருக்கு. இனிமே வாத்துக்குப் பதிலா ஒழுங்கா வாடகை குடுத்துடுறோம். டஃப் இருக்குற வரைக்கும். வருஷத்துக்கு நூறு பவுன்" என்றான் மர்டோ.

பாஸ்கோவின் காய்ச்சல் பாதி இறங்கிவிட்டது. பணிந்துவிட்டார்கள்! செத்தவனை எங்கிருந்து கொண்டுவருவார்கள்?

"நூறு பவுன் போதா... போதா... ஹச்!"

"இருநூறு!" என்று பதறினான் மர்டோ. "எஃபி, இன்னொரு கம்பளி!"

பாஸ்கோ திகைத்தார். தன் குரலில் இப்படி ஓர் அதிகாரம் இருப்பது இத்தனை வருடம் தெரியாமல் போயிற்றே!

"இருநூறா? அரசாங்கம்னா என்னன்னு நெனச்... ஹச்! ஹச்!"

"நானூறு! கொஞ்சம் மெதுவாப் பேசுங்க தம்பி, நெஞ்சு தாங்காது!"

பாஸ்கோவுக்கு உண்மையாகவே இருமல் வந்தது. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, விளக்கை அணைத்து, சுவரில் மாட்டியிருந்த கேப்டனின் படத்தைச் சாய்த்துவிட்டுப் போன இருமல். 

"ஆயிரம்" என்றான் மர்டோ மிக மெல்லிய குரலில். "ஆயிரம் பவுன். தயவுசெஞ்சு படுங்க."

தீவின் சரித்திரத்தில் எந்தக் கவர்னரும் வாங்காத வாடகையை, பாஸ்கோ படுத்துக்கொண்டே மூக்கால் வாங்கிவிட்டார்.

"ஆனா எங்க பக்கமும் ரெண்டு மூணு நிபந்தனை இருக்கு" என்றான் மர்டோ.

"சொல்லு, சொல்லு" என்றார் பாஸ்கோ பெருந்தன்மையாக.

"உங்க வேலையை யாரும் எடுக்கக் கூடாது. சாகுற வரைக்கும் நீங்கதான் நிலக் குமாஸ்தா."

"ம்."

"ஒழுகாத வீடு குடுக்கணும். அடுப்புக்குச் சேற்றுக்கரி நாங்க அனுப்புவோம். குதிரை, படகு, வாத்து, இந்த மூணு பக்கமும் உங்களை விடக் கூடாது."

"வாரா வாரம் டாக்டர் வந்து பாக்கணும்" என்றாள் எஃபி. "ஃபிளானல் பனியன் நான் தச்சுத் தருவேன். போட்டுக்கணும். இதையும் எழுதுங்க."

பாஸ்கோவின் கண்கள் கலங்கின. இது காய்ச்சல் அல்ல. தோற்றவர்கள் ஜெயித்தவனுக்கு இவ்வளவு கௌரவம் செய்ததாக அவர் கேள்விப்பட்டதில்லை.

காய்ச்சல் விட்டு எழுந்ததும் ஊர்வலம் கிளம்பியது. எங்கள் தீவில் அதற்கு முன்னும் அப்படி ஒன்று நடந்ததில்லை, பின்னும் நடந்ததில்லை. கம்பளி மெத்தை போட்ட பல்லக்கில் பாஸ்கோ. எட்டுப் பேர் தோளில், ஒரு குலுங்கல் இல்லாமல். முன்னால் மர்டோ குழிகளைக் கோலால் தட்டிப் பார்த்துக்கொண்டே நடந்தான். பக்கத்தில் எஃபி, கையில் சூப்புச் சட்டி. துறைமுகத்துக்குள் நுழைந்ததும் பாஸ்கோ போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து ஜனங்களைப் பார்த்து ஆட்டினார். "கையை உள்ள வை" என்றாள் எஃபி. வைத்துக்கொண்டார்.

கொழுப்புக் கொட்டகைக்காரர்கள் கூட வாசலுக்கு வந்து கைதட்டினார்கள். தபால் கப்பல் மாலுமிகள் புதுக் கவர்னர் வந்துவிட்டார் என்று நினைத்து சல்யூட் அடித்தார்கள்.

கவர்னர் ஃபிச் தொகையைக் கேட்டார். இன்னொரு தடவை கேட்டார். பிறகு குடையை மடக்கிவிட்டு மழையிலேயே நின்று சிரித்தார்.

"ஆயிரமா? வருஷா வருஷமா? பாஸ்கோ, என் ராசா, கூரை போடலாம்யா! சம்பளம் குடுக்கலாம்! கஜானாவுலேருந்து என் காலுறையை எடுக்கலாம்! எங்க கையெழுத்துப் போடணும்?"

"நிபந்தனை எல்லாத்தையும் ஒரு தடவை படிச்சிடுங்க, துரை" என்றான் மர்டோ.

"குமாஸ்தாவுக்கு வீடு, டாக்டர், பனியன். இவ்வளவுதானே? ரெண்டு பனியனாப் போடு!"

கவர்னர் கையெழுத்துப் போட்டார். மர்டோ போட்டான். அரக்கு வைத்து முத்திரை குத்தினார்கள். தபால் கப்பலில் ஏற வேண்டிய வேலைநீக்கக் கடிதத்தைக் கவர்னர் நாலாகக் கிழித்து வாத்துக்குப் போட்டார். பாஸ்கோ அவரைக் கிட்டே வரச் சொல்லிக் காதில் கிசுகிசுத்தார்.

"இன்னும் இருக்கு, துரை. டஃப் இருக்குற வரைக்கும்தானே குத்தகை? வாடகையையும் வாங்கிக்குவோம். கூரையெல்லாம் போட்டு முடிச்சதும், சாவகாசமா அந்த டஃப் செத்ததை நான் நிரூபிக்கிறேன். நிலமும் நமக்கு!"

"பயங்கரமான ஆளுய்யா நீ" என்றார் கவர்னர் மனமாரப் பூரித்து.

"எல்லாம் உங்க... உங்க... ஹச்!"

எஃபி குனிந்து, ஏப்ரனிலிருந்து ஒரு துணியை உருவி, பாஸ்கோவின் மூக்கை இரண்டு விரலால் பிடித்து, "சிந்து" என்றாள். தீவின் மகத்தான நிலக் குமாஸ்தா கீழ்ப்படிந்து சிந்தினார்.

கவர்னருக்குக் குஷி தாங்கவில்லை. கையை உரசிக்கொண்டு, கண்ணை ஒரு பக்கமாகச் சிமிட்டிவிட்டு மர்டோவின் பக்கம் திரும்பினார்.

"கையெழுத்து ஆச்சு, இனி யாராலயும் மாத்த முடியாது. அதனால சும்மாதான் கேக்குறேன். அந்த டஃபை ஒரு தடவை கண்ணால பாக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை. எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

மர்டோ வாய் திறக்குமுன் எஃபி நிமிர்ந்தாள், துணி பாஸ்கோவின் மூக்கிலேயே இருந்தது.

"ஒளிச்சா? அப்ப இவ்வளவு நேரமா நான் யாரு மூக்கைத் தொடச்சிக்கிட்டிருக்கேன்னு நெனச்சீங்க, துரை?"